மாரமங்கலத்துக் களத்தில் நான் வாங்கிய ராகி

1

வட ஜெர்மனியின் இந்தத் துறைமுக நகரத்தில் நான் வந்து இறங்கி ஒன்பது ஆண்டுகள் நிறைந்த அதே வாரத்தில், ஏற்காட்டில் நான் படித்த பள்ளியின் இன்றைய தலைமை ஆசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவரை நான் பார்த்ததில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர். பள்ளியின் பழைய ஆண்டு மலரில் அச்சாகியிருந்த என் உரையைப் படித்ததாகவும், பதினாறு வயதுப் பெண் இப்படியும் பேச முடியுமா என்று வியந்ததாகவும் எழுதியிருந்தார்.

பாராட்டைத் தொடர்ந்து ஒரு வேண்டுகோள் இருந்தது. உள்ளூர் எஸ்டேட்டுகளிலும் விடுதிகளிலும் பட்டறைகளிலும் பிளஸ் ஒன் மாணவர்கள் அரையாண்டு விடுமுறையில் பத்து நாள் வேலை பழகும் திட்டத்தை அவர் வரும் கல்வியாண்டில் மறுபடி தொடங்கப் போகிறார். எல்லா ஊர்ப் பெற்றோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், மாரமங்கலம் என்ற மலைக்கிராமத்தைத் தவிர. "காரணம் கேட்டால் வாய் திறக்க மறுக்கிறார்கள். அங்கே அலமேலு என்பவர்தான் அவர்கள் சார்பில் பேசுகிறார். அவருடைய எண்ணை இணைத்துள்ளேன். உங்கள் உரையை அச்சிட்டு அந்த ஊரில் வாசிக்க அனுமதி தாருங்கள். அது அவர்களை அசைக்கும்."

அசைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருமுறை அசைத்திருக்கிறது. அவர்கள் வாய் திறக்க மறுப்பதற்கு அந்த உரையே காரணம்.

ஊரில் இருக்கும் உங்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். தலைமை ஆசிரியருக்கான என் பதிலும் இதுதான். நான் பேச்சாளி. அதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்ள எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. ஆனால் இது மேடையல்ல. கைதட்டலுக்காக ஒரு வரியும் எழுத மாட்டேன்.

2

இங்கே நான் ஒரு காப்பி வறுக்கும் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மூட்டை வந்து இறங்குவதும், கொட்டையின் ஈரம் பார்ப்பதும், வறுத்த மாதிரியைச் சுவைத்துக் குறிப்பெழுதுவதும் என் அன்றாடம். சென்ற மாதம் லேனா என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி மூன்று வாரம் வேலை பழக எங்கள் பிரிவுக்கு வந்தாள். இந்த நாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் பலர் இப்படி ஏதேனும் ஒரு தொழிலகத்தின் படியேறுகிறார்கள். பேக்கரிக்காரர், பல் மருத்துவர், தச்சர் என்று ஊரில் உள்ள யாரும் இதைத் தொல்லை என்று சொல்லிக் கேட்டதில்லை.

அவள் வருவதற்கு முன் காகிதங்கள் வந்தன. பள்ளிக்கும் ஆலைக்குமான ஒப்பந்தம், விபத்துக் காப்பீட்டுத் தாள், என்னென்ன வேலை கற்றுத்தரப்படும் என்ற பட்டியல், எந்த இயந்திரத்தை அவள் தொடவே கூடாது என்ற இன்னொரு பட்டியல். இந்த நாட்டின் காகிதப் பசியைப் பற்றி நான் பலமுறை கேலி பேசியிருக்கிறேன். குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப் போன என் முதல் நாளில், 'வாங்க போங்க' என்று பேசும் மண்ணில் பிறந்த நான், மொழி பிசகி ஓர் அதிகாரியை 'நீ' என்று அழைத்துவிட்டேன். அவர் முகம் சிவக்க மூன்று படிவம் கூடுதலாகக் கொடுத்தார். அன்று தொட்டு எனக்குப் படிவம் என்றாலே கசப்பு.

லேனாவின் படிவத்தில் கடைசி வரியைப் பார்த்தபோதோ கசப்பு வரவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'மாணவிக்குப் பொறுப்பானவர்: பெயர், கையொப்பம்.' மேலாளர் என் பெயரை முன்பே தட்டச்சு செய்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. தேநீர் ஆறும்வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டேன்.

இரண்டாம் வாரம் லேனா கழுத்தில் நீளமான ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு வந்தாள். கொட்டைகள் ஊர்ந்து செல்லும் பெல்ட்டின் மேல் குனிந்தாள். ஸ்கார்ஃபின் நுனி தொங்கியது.

"கழட்டுடி அத! கழட்டு!"

ஆலை முழுவதும் கேட்கும்படி தமிழில் கத்தியிருக்கிறேன். அவள் தோளைப் பிடித்து இழுத்ததில் அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். உடன் வேலை செய்யும் ஒருவர் ஓடிவந்து, "பெல்ட்டைச் சுற்றித்தான் கூண்டு போட்டிருக்கிறதே, உள்ளே விரல்கூட நுழையாதே, என்ன பயம்?" என்றார். உண்மை. கூண்டு இருந்தது. நான் பார்த்த பெல்ட்டுக்குக் கூண்டு கிடையாது.

மாலையில் இதை வீட்டில் சொல்ல முயன்றேன். என் ஐந்து வயது மகள் ஜெர்மன் மொழியில் குறுக்கிட்டாள்: "அம்மா, நீ ஏன் எப்போதும் நிறையப் பேருக்குச் சொல்வதுபோல் சொல்கிறாய்? நான் ஒருத்திதானே இருக்கிறேன்." தமிழில் சொல் என்றேன். அவளால் முடியவில்லை. நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

3

என் அப்பா ஏற்காடு ஏரிக்கருகே மளிகைக் கடை வைத்திருந்தார். சேலத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அலமேலு மாரமங்கலத்து விவசாயி சடையனின் மகள். பிளஸ் ஒன்னில் என் பக்கத்து இருக்கை. நான் பேசினால் வகுப்பு கேட்கும். அவள் கணக்குப் போட்டால் ஆசிரியரே எட்டிப் பார்ப்பார். பெரிய எஸ்டேட்டின் ஆபீசில் ரைட்டராக உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. எடை போடுவது, தரம் பிரிப்பது, ஏடு எழுதுவது என்று எல்லாவற்றையும் பார்க்கும் எழுத்தர் வேலை அது.

வேலை பழகும் திட்டத்தைப் பள்ளி முதன்முதலில் அறிவித்தது அந்த ஆண்டுதான். நகரத்துப் பெற்றோர் ஒப்புக்கொண்டனர். மாரமங்கலம் மறுத்தது. அவர்களுடைய வாதம் எளியது: "எஸ்டேட்டுக்குப் போவக் கூடாதுன்னுதானுங்க பள்ளிக்கோடத்துக்கு உட்டோம். பள்ளிக்கோடமே எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சுன்னா?" இதற்கு மறுமொழி சொல்ல அன்றைய தலைமை ஆசிரியர் என்னை அழைத்துப் போனார். மாவட்டப் போட்டிகளில் சுழற்கோப்பை வாங்கியிருந்த எனக்கு அது இன்னொரு மேடை, அவ்வளவே.

ராகி அடித்துக் குவித்திருந்த களத்தில் ஊர் கூடியிருந்தது. நான் அரைமணி நேரம் பேசினேன். எல்லா வரியும் எனக்கு இன்றும் மனப்பாடம். "கூலியாகக் குனியப் போகவில்லை, மாணவராக நிமிர்ந்து போகிறோம்! பள்ளிச் சீருடையிலேயே போவோம். துப்பட்டாவின் இரு முனையும் தோளில் குத்தி, தலைப்பின்னல் கட்டி, வகுப்பறைக்குப் போவதுபோலப் போவோம். எங்களைப் பார்த்து எவராவது கூலி என்று சொல்லட்டும், பார்க்கலாம்!" கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. தலைமை ஆசிரியர் அந்த இடத்திலேயே சீருடையைக் கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்.

சடையன் மட்டும் தட்டவில்லை. முன்னே வந்து, மெல்லக் கேட்டார்.

"ஏஞ்சாமி, எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கண்ணு கேக்கறது?"

மேடைப் பேச்சாளருக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி. கையை உயர்த்தி முழங்கினேன்: "அலமேலுவுக்கு நான் பொறுப்பு!"

"பொறுப்புன்னா பொறுப்புத்தானா?"

"பொறுப்புத்தான்!"

அவர் குவியலிலிருந்து ஒரு கை ராகியை அள்ளி என் வலது உள்ளங்கையில் வைத்தார். சால்வை போர்த்துவார்கள், மாலை போடுவார்கள், மலையில் ராகி தருவார்கள் போலும் என்று எண்ணினேன். வணங்கி, கைக்குட்டையில் முடிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை அரைத்து எங்கள் மாவோடு சேர்த்துக் களி கிண்டினாள். நன்றாகவே இருந்தது.

4

எனக்கு ஒதுக்கப்பட்டது நகரத்து விடுதியின் வரவேற்பு மேசை. ஆங்கிலம் பேசலாம் என்று நானே கேட்டு வாங்கினேன். அலமேலு போனது ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு. முதல் நான்கு நாள் மாலையிலும் பஸ் நிறுத்தத்தில் சந்தித்துக்கொண்டோம். ஈரம் பார்ப்பது எப்படி, பழத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்குவது எப்படி என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். "ரைட்டரு நொம்பக் கணக்குத் தப்புப் போடறாரு. நாலு நாள்ல மூணு தப்பு நாங்கண்டுபுடிச்சேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு." அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தத் திட்டம் பொய்யல்ல. தொழில் இருக்கும் ஊரில் பள்ளி கதவைச் சாத்திக்கொண்டிருப்பது பாவம். நான்கு நாளில் ஒரு பெண் தன் எதிர்காலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஆபீசில் யாருமில்லை என்று அவளைப் பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரக் கொட்டகைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள என்று ஒருவரும் இல்லை. மின்சாரம் நின்றிருந்தது. கீழே சிதறிய பழத்தைப் பொறுக்கக் குனிந்தாள். மின்சாரம் வந்தது. மோட்டாரிலிருந்து பல்பருக்கு ஓடும் பெல்ட் துப்பட்டாவைப் பிடித்தது. வெறுமனே போட்டிருந்தால் உருவிக்கொண்டு போயிருக்கும். இரண்டு தோளிலும் பின் குத்தியிருந்தது. துணியைப் பறிக்க நீட்டிய வலது கையையும் பெல்ட் உள்ளே இழுத்துக்கொண்டது.

எஸ்டேட் ஜீப்பில் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறக்கிச் சேலம் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. கை, முழங்கைக்குக் கீழே தங்கவில்லை.

விடுதி மேசையில் அமர்ந்திருந்த என் காதுக்குச் செய்தி வந்தபோது நான் ஒரு சுற்றுலாப் பயணிக்குச் சேர்வராயன் கோயிலுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பொறுப்பு என்று முழங்கியவள், அந்த ஐந்து நாளில் ஒருமுறைகூட அந்த எஸ்டேட்டின் கேட்டைத் தாண்டியதில்லை.

பிறகு நடந்தது விபத்தைவிடக் கொடியது. அவள் எங்கள் ஆளில்லை, பள்ளி மாணவி என்றது எஸ்டேட். விடுமுறையில் நடந்தது, பள்ளிக்குச் சம்பந்தமில்லை என்றது பள்ளி. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த காகிதம் ஒன்றே ஒன்று, மாணவர் பெயர்ப் பட்டியல். யார் கண்காணிப்பது, என்ன கற்பிப்பது, எதைத் தொடக் கூடாது, ஒன்றும் அதில் இல்லை. பொறுப்பு என்ற சொல்லை அந்த மலையில் உரக்கச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

5

ஒரு மாதம் கழித்துச் சடையன் எங்கள் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வந்திருந்தார். நான் உள்ளறையில் திரைக்குப் பின்னால் நின்றேன். கோபித்துக் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஏனுங்க, பாப்பா கையில குடுத்த ராகிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ராகிதானுங்களா? அதுக்கு இத்தன தூரம் நடக்கோணுமா? ஒரு மூட்டையே போட்டுத் தர்றமுங்க."

"மூட்டை வேண்டாமுங்க. ஒரு கைதானுங்க. பாப்பா வந்து, அதே களத்துல, அதே கையால திருப்பிக் குடுக்கோணும். 'எஞ்சொல்லு தவறிப் போச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லோணும். அவ்வளவுதானுங்க. வேறொண்ணும் கேக்கறதில்லீங்க எங்கூருல."

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது; முழு முறையையும் பின்னால் கேட்டறிந்தேன். அந்த ஊரில் ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்றால் களத்து ராகியைக் கையில் வைப்பார்கள். வாங்கியவர் அதைத் தனியே முடிந்து வைத்திருக்க வேண்டும். பொறுப்பு நல்லபடி முடிந்தாலும் தவறினாலும் திருப்பிக் கொட்டிச் சொல்லை எடுக்க வேண்டும். எடுக்காதவரை அந்தச் சொல் ஊரின் மேல் நிற்கும். அது நிற்கும்போது இன்னொருவர் சொல்லை நம்பி ஊர் பிள்ளைகளை அனுப்பாது. நான் அதைப் பரிசென்று எண்ணித் தின்றிருந்தேன்.

அப்பாவின் முகம் மாறியது. "ஊர் முன்னால தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்குப் போலீசுல வாக்குமூலம் ஆயிருமுங்க. சின்னப் புள்ள, காலேஜு போவோணும். உடுங்க."

"போலீசுக்கெல்லாம் போவமாட்டமுங்க." சடையன் திரைப்பக்கம் பார்த்தார். நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "கண்ணு, நீயாவது சொல்லு சாமி."

எதிரணியை ஒரே மூச்சில் வீழ்த்தும் நான் திரையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். அவர் வெகுநேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த ஆண்டு மலரில் என் உரை முழுப்பக்கம் வந்தது. நான் சென்னைக்குப் படிக்கப் போனேன். அங்கிருந்து இங்கே.

6

தலைமை ஆசிரியர் அனுப்பிய எண்ணை நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் அழைத்தேன். பெயரைச் சொன்னேன். மறுமுனையில் கோழிச் சத்தம் கேட்டது.

"ஓ, பேச்சாளியா? பேசு. எத்தன நிமிசம் குடுத்திருக்காங்கொ?"

"அலமேலு…"

"அழுவாத. அழுதா எனக்குச் சிரிப்புத்தான் வரும். என்ன வேணும்?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். மிளகும் காப்பியும் எடை போட்டு வாங்கும் வியாபாரிகளிடம் ஊர்க்காரர்கள் ஏமாறாமல் கணக்குப் பார்த்துத் தருகிறாளாம். "எடது கையிலதான் எழுதறேன். உன்ற எழுத்தவிட நல்லாருக்குது." எஸ்டேட் ஆபீஸ் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்: "ரைட்டரு வேலைக்கு ரெண்டு தரம் எழுதிப் போட்டேன். ஒத்தக்கைக்கு ஏடு தூக்க முடியாதுன்னுட்டாங்கொ. ஏடு தூக்கறதா வேலை?"

திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் குரல் இறங்கியது.

"என்ற அண்ணன் மவ வர்ற வருசம் பிளஸ் ஒன்னு. வண்டிப் பட்டறையில எஞ்சின் பாக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. பட்டறைக்காரரும் நல்ல மனுசன். எனக்கு அனுப்ப ஆசைதான். எங்க ஐயன் உடமாட்டேங்குது. சொல்லு இன்னும் களத்துலயே கெடக்குது, எடுக்காம எப்படிங்குது. எம்பேர்ல கோவமில்ல, உம்பேர்லயும் கோவமில்ல. மொறையச் சொல்லுது. அதுக்கடுத்த வருசம் அவளுக்குப் பன்னண்டாவது. அப்பறம் கட்டிக் குடுத்துருவாங்கொ."

"இப்பவே சொல்றேன் அலமேலு. ஸ்பீக்கரில் போடு, உன் அப்பா கேட்கட்டும். என் சொல்…"

"நிறுத்து, நிறுத்து." இத்தனை ஆண்டில் என் மகளைத் தவிர ஒருவரும் என்னைப் பாதியில் நிறுத்தியதில்லை. "ஃபோன்ல சொன்னாக் காத்தோட போயிரும். வந்து சொல்லு. ராகி நீயே கொண்டா. எங்கூட்டு ராகி ஆகாது. வைகாசியில சேர்வராயன் நோம்பி. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கூடும். அதுக்குள்ள வந்து சேரு."

வைத்துவிட்டாள்.

7

குடியிருப்பு அனுமதி காலாவதியாகிப் புதுப்பிப்பில் இருக்கிறது. போய்த் திரும்ப ஒரு தற்காலிகத் தாள் வேண்டும். அவசரம் என்றால் காரணம் எழுத வேண்டும். 'குடும்ப விசேஷம்' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க' என்று எழுதினேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண், இதற்குச் சான்று உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 'பரிசீலனையில்' என்று முத்திரை குத்தினார். இன்னும் பதில் வரவில்லை.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு: என் உரையை வாசிக்க அனுமதி இல்லை. ஆண்டு மலரின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் வருந்த மாட்டேன். ஆனால் திட்டத்தைக் கைவிடாதீர்கள். பேச்சாளர் எவரையும் மாரமங்கலத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். பட்டறைக்காரரை அழைத்துப் போங்கள். எஸ்டேட் முதலாளியை, விடுதி உரிமையாளரை அழைத்துப் போங்கள். பிள்ளை என்ன கற்கும், யார் பக்கத்தில் நிற்பார், எந்த இயந்திரத்தின் அருகே போகாது என்பதை அவர்களே தம் வாயால் சொல்லட்டும். என்ன உடுத்துவது என்பதை இயந்திரம் தீர்மானிக்கட்டும், பள்ளியின் மானம் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் ஆசிரியர் ஒருவர் அந்தப் பத்து நாளின் நடுவில் போய்ப் பார்த்து வரட்டும். லேனாவின் ஆசிரியை வந்தார், முதலில் குனிந்து பார்த்தது பெல்ட்டின் கூண்டைத்தான். எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். அதன்பின் களத்துக்கு வந்து, பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் அந்த முதலாளிகள் ஒவ்வொருவரும் கையை நீட்டி ராகியை வாங்கட்டும். வாங்கத் தயங்குகிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஆனால் அதற்கு முன் களம் காலியாக வேண்டும். என் சொல் அங்கே கிடக்கிறது.

துறைமுகத்துக்கருகே உள்ள இந்தியக் கடையில் ஒரு கிலோ ராகி வாங்கினேன். மேசைமேல் பிரித்து வைத்திருந்தபோது மகள் வந்து பார்த்தாள். பறவைக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். எதற்கு என்றாள். அரைமணி நேரம் பேசக்கூடிய கேள்வி. அந்த வாக்கியத்தை மட்டும், ஒருத்திக்குச் சொல்வதுபோல், மெல்லச் சொல்லிப் பார்த்தேன்: என் சொல் தவறிப் போச்சு. அவள் அதைத் தமிழிலேயே திருப்பிச் சொன்னாள், தடுமாறாமல்.

நான்கு சொற்கள். இங்கே எழுதியது கணக்கில் சேராது, நீங்கள் படித்ததும் சேராது. ஒரு சிறு துணியை விரித்து, வலது கையை நீட்டி, விரல்களை மடக்கி, ஒரு கை அள்ளி முடிந்து வைத்திருக்கிறேன்.